மூச்சைச் சரிக்கட்டி எழுதினேன்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டிப் பக்கம், ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணியை நெய்து, சுற்றி, வெட்டி அனுப்புகிற ஒரு ஷெட்டில் நான் சூப்பர்வைசராக இருக்கிறேன். ‘இருக்கிறேன்’ என்று எழுதும்போதே எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருக்கிறது. ஏனென்றால் அந்த வருடம் ஆடி மாதத்தில், இனிமேல் நான் அங்கே இருக்கப் போவதில்லை என்று என்னைத் தவிர எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பேக்கிங் மேஜையில் டப்பா ஒட்டுகிற பெண்ணாக அந்த ஷெட்டுக்குள் நுழைந்தவள் நான். பதினாறு வருடம் கழித்துத்தான் சூப்பர்வைசர் நாற்காலி கிடைத்தது. எனக்குக் கீழே பதினான்கு பெண்கள். என் சத்தம் தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும் என்று கேலி பேசுவார்கள். அது கேலி இல்லை, உண்மைதான். அப்படிப்பட்ட எனக்குப் பதினோரு வருடமாக வீசிங் இருந்தது. இழுப்பு வந்துவிட்டால் ஒரு வார்த்தை பேசி முடிக்க மூன்று தடவை மூச்சு வாங்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கிறதோ அங்கே ஓடி, ஒரு ஊசி போட்டு, மெஷினில் மருந்துப் புகை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். இரண்டு வாரம் ஓடும். மறுபடியும் ஓட்டம்.

காரணம் கேட்டால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பஞ்சுத் தூசி! என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர் வாரம் தவறாமல், “அந்த வேலைய விட்டுத் தொலையேன்ட்டி. நான் சம்பாதிக்கது பத்தாதா?” என்பார். பத்தாது என்பது வேறு விஷயம். பத்தினாலும் நான் விடுவதாக இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் எனக்கு நான் யார் என்று தெரியும். வீட்டில் உட்கார்ந்தால் நான் வெறும் வீசிங்காரி.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். எனக்கு மட்டும் பாதி ஞாயிறு விடியும்போதே இழுக்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்காரர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பிள்ளைகளிடம், “ஆறு நாளும் ஷெட்டுல அம்புட்டு பேரையும் விரட்டுதா. சர்ச்சுல ஐயர் பிரசங்கம்னா மட்டும் உங்க அம்மைக்கு மூச்சு வர மாட்டேங்கு” என்று வாருவார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்டிருக்கிற என் தங்கைதான் அவள் வீட்டுக்கு வழக்கமாகப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். சளியில் இருந்து சர்க்கரை வரை, பேரனில் இருந்து தாத்தா வரை அந்தத் தெருவே அவரிடம்தான் வரும். நான் போய் உட்கார்ந்து, கையை நீட்டி, ஊசிக்குத் தயாராக இருந்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “அக்கா, இது எதனால வருதுன்னு நீங்க நினைக்கீங்க?” என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! தூசி என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். வெளியே வந்ததும் தங்கையிடம், “ஏட்டி, நமக்கே தெரிஞ்சா இம்புட்டு தூரம் பஸ் ஏறி எதுக்கு வாரோம்?” என்று கத்தினேன்.

ஊசியும் போடவில்லை. தினமும் காலை மாலை வாயில் வைத்து இழுக்க ஒரு இன்ஹேலர் பம்பு, அவசரத்துக்கு ஒரு நீல பம்பு. நீல பம்பு என்னிடம் பழையது ஒன்று உண்டு, பழகிப்போய்விடும் என்று பயந்து பீரோவில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். அதைச் சொன்னதும் அவர் திட்டவில்லை. எப்படி இழுப்பேன் என்று செய்து காட்டச் சொன்னார். பதினோரு வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. நான் இழுத்த அழகில் பாதி மருந்து நாக்கில் போய் ஒட்டியது. ஸ்பேசர் என்று ஒரு பிளாஸ்டிக் குடுவையை மாட்டி, அதில் எப்படி இழுப்பது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, “இப்ப எனக்கு வீசிங்னு வைங்க. நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க” என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல நான் ஒப்பித்தேன்.

கடைசியாக, மூச்சின் பலத்தைக் காட்டுகிற ஒரு மீட்டரைக் கையில் கொடுத்தார். பிளாஸ்டிக் குழாய், ஒரு முனையில் பலமாக ஊதினால் பக்கத்தில் ஒரு சிவப்பு முள் ஓடி நிற்கும். நன்றாக இருக்கிற நாளில் நான் ஊதினால் முந்நூற்று எண்பது. முந்நூறுக்கு மேலே இருந்தால் பச்சை, வழக்கம்போல இருக்கலாம். முந்நூறுக்குக் கீழே மஞ்சள், கவனம். நூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே போனால் சிவப்பு. எந்த நிறத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை என்னையே ஒரு தாளில் எழுதச் சொன்னார். “என் கையெழுத்து அவசரத்துல யாருக்கும் புரியாதுக்கா” என்று அவரே சிரித்தார். காலையும் மாலையும் ஊதி, நம்பரை நோட்டில் எழுதி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன்.

எங்கள் ஷெட்டில் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு நாளைக்கு எத்தனை ரோல் சுற்றினார்கள் என்று நான் எழுதி முதலாளிக்குக் காட்ட வேண்டும். ஒரு நாள் கூட வரும், ஒரு நாள் குறையும். குறைந்த நாளைப் பார்த்தால் முதலாளி ஷெட்டையே தலைகீழாக்குவார். அதனால் கூட வந்த நாளில் இருந்து கொஞ்சம் எடுத்து, குறைந்த நாளில் போட்டு, சரிக்கட்டி எழுதிவிடுவேன். வார மொத்தம் சரியாக இருக்கும். யாருக்கும் நஷ்டமில்லை, சத்தமும் இல்லை. சூப்பர்வைசர் என்றால் அதுதான் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

மூச்சையும் அப்படியே எழுதினேன்! சனிக்கிழமை காலை முந்நூற்று எழுபது ஊதியிருப்பேன், ஞாயிறு காலை இருநூற்று ஐம்பதுக்கு இறங்கியிருக்கும். இரண்டிலும் முந்நூற்றுப் பத்து. நோட்டில் சிவப்பும் கிடையாது, மஞ்சளும் கிடையாது. ஏமாற்றுகிறோம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அடி மனதில் ஒரு பயம் இருந்தது. நம்பர் இறங்கினால் டாக்டரம்மாவும் வேலையை விடு என்று சொல்லிவிடுவார், அப்புறம் வீட்டில் யார் வாயையும் அடைக்க முடியாது.

ஒரு மாதம் கழித்துப் போனேன். டாக்டரம்மா நோட்டில் விரலை வைத்து மேலிருந்து கீழே கொண்டு வந்தார். “இது எப்பிடிக்கா இம்புட்டு நேரா வருது? எனக்கே இப்பிடி வராதே” என்றார். அங்கேயே மீட்டரில் ஊதச் சொன்னார். இருநூற்று அறுபது. “பொய் எழுதல டாக்டரம்மா. சரிக்கட்டி எழுதியிருக்கேன். வேணும்னா மொத்தத்தைக் கூட்டிப் பாருங்க, சரியா இருக்கும்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது. செத்த நேரம் கழித்து ஒரு கேள்வி கேட்டார். “உங்க ஷெட்ல ஒரு மேஜை வாரா வாரம் ஒரு குறிப்பிட்ட நாள் மட்டும் குறைச்சலா எடுக்குதுன்னு வைங்க. அதையும் நீங்க சரிக்கட்டி எழுதிட்டா, அங்க என்ன கோளாறுன்னு எப்பிடிக் கண்டுபிடிப்பீங்க?”

பதினான்கு பேரை மேய்க்கிறவள், உண்மையை ஒப்புக்கொண்டேன். கண்டுபிடிக்கவே முடியாது. பிறகு பயத்தைச் சொன்னேன், வேலையைச் சொன்னேன், நாற்காலியைச் சொன்னேன். அவர் எதையும் பூசி மெழுகவில்லை. “வேலைய விடுங்கன்னு நான் சொல்லலக்கா. விட வேண்டாம்னும் இப்ப சொல்ல முடியாது. உண்மையான நம்பர் இருந்தாத்தான் நாம ரெண்டு பேரும் உக்காந்து பேச முடியும்” என்றார்.

அன்றிலிருந்து உள்ளதை உள்ளபடி எழுதினேன். முதல் ஞாயிறு இருநூற்று அறுபது, அடுத்தது இருநூற்று நாற்பத்தைந்து, அதற்கடுத்தது இருநூற்று முப்பது. நான்காவது ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன், மூச்சு பாதியில் நின்றது. ஊதினால் முள் நூற்று எண்பதைத் தாண்ட மாட்டேன் என்கிறது. வீட்டுக்காரர் பதறிப்போய் வண்டிச் சாவியைத் தேடினார். நான் பேச முடியாமல் பீரோவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். அவர் குடுவையில் நீல பம்பை மாட்டிக் கொடுத்தார். ஒன்று அடித்து இழுத்து, கொஞ்சம் பொறுத்து அடுத்தது. அதற்குள் என் மகள் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

போனிலும் அந்த மனுஷி கேள்விதான் கேட்டார். “நம்பர் எம்புட்டு? பேப்பர்ல சிவப்புக்கு என்ன போட்டிருக்கு? அப்பாவ வாசிக்கச் சொல்லும்மா.” வீட்டுக்காரர் தாளைப் பிய்த்தெடுத்து என் கோணல் எழுத்தைச் சத்தமாக வாசித்தார். “நீல பம்பு ஒவ்வொரு தடவையா, பத்து தடவை வரைக்கும். பொறவு காத்திருக்கக் கூடாது. உடனே கிளம்பு.” டாக்டரம்மா, “அதையேதான் நானும் சொல்லுவேன். கிளம்புங்க. ஆஸ்பத்திரிக்கு நான் போன் பண்ணுதேன்” என்றார். லோடு ஆட்டோவின் முன் சீட்டில் குடுவையை வாயில் வைத்தபடியே ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆக்சிஜன் வைத்தார்கள். நிலைமை அடங்கிய பிறகு அங்கிருந்த டாக்டர், வீட்டிலேயே சரியாகப் பம்பு எடுத்து, தாமதிக்காமல் வந்ததால்தான் இதோடு போயிற்று என்றார். வீட்டுக்காரர் அப்போதுதான் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதுவரை கையிலேயே பிடித்திருக்கிறார்.

உயிர் தப்பிவிட்டது. வேலைதான் போய்விடும் போலிருந்தது. மறுநாளே முதலாளி ஆள் அனுப்பி, ஆடிக்காற்று அடங்கும் வரை நான் ஓய்வில் இருக்கட்டும், அதுவரை கட்டிங் பிரிவில் இருக்கிற பெண் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டார். அந்த மாதிரி ஓய்வில் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாக எங்கள் ஷெட்டில் சரித்திரம் இல்லை. வீட்டுக்காரர் இந்த முறை அதட்டவில்லை. “போதும்டி. நீ இருந்தாப் போதும்” என்று மட்டும் சொன்னார். அதட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அப்படிச் சொன்ன ஆளிடம் என்னத்தைச் சண்டை போடுவது?

செவ்வாய்க்கிழமை மத்தியானம். பொழுது போகாமல் நோட்டை எடுத்தேன். நம்பர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக வெறுமனே கிடந்தன. பழக்க தோஷம், ஷெட்டில் செய்வதைப் போலத் திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டம் போட்டு, நான்கு வாரத்தையும் அந்தந்த நாளுக்குக் கீழே பிரித்து எழுதினேன். மகளின் கலர் பென்சிலை எடுத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தீட்டினேன். தீட்டி முடித்ததும் அப்படியே எழுந்து நின்றுவிட்டேன்.

திங்கள் மஞ்சள். செவ்வாய் மஞ்சளும் பச்சையும் கலந்து. புதன், வியாழன், வெள்ளி பச்சை, சனி காலையும் பச்சை. ஞாயிறு காலை மட்டும், நான்கு வாரமும், அதலபாதாளம்! தூசிதான் காரணம் என்றால் வாரம் முழுக்கத் தூசியில் நின்றுவிட்டு சனிக்கிழமை காலையில் அல்லவா நான் விழுந்திருக்க வேண்டும்? வேலைக்குப் போகப் போக ஏன் ஏறுகிறது? லீவு நாளில் ஏன் விழுகிறது?

“ஏங்க, இங்க வாங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் எச்சில் கையோடு ஓடி வந்தார். கட்டத்தைப் பார்த்தார். “ஞாயித்துக்கிழம தலைக்குக் குளிக்கேல்லா, அதுதான்” என்றார். “விடியக்காலம் ஆறு மணிக்கே முள்ளு இறங்கிட்டு. அதுக்குள்ள நான் எங்க குளிச்சேன்?” கறிக்குழம்பு என்றார். அது மத்தியானச் சாப்பாடு. கடைசியாக, “அப்பிடின்னா சனிக்கிழமதான் என்னமோ நடக்கு” என்றார். பதினெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் பேசிய மிகச் சரியான வார்த்தை அதுதான்.

சனிக்கிழமை என்ன நடக்கும்? மூன்று மணிக்குத் தறியை நிறுத்துவோம். கம்ப்ரஷர் குழாயை எடுத்து ஏர் அடிப்போம். தறிக்கு இடுக்கில், மேஜைக்கு அடியில், ஃபேன் இறக்கையில் ஒரு வாரமாகப் படிந்த பஞ்சு முழுவதும் மேலே கிளம்பும். எதிரே நிற்கிற ஆள் தெரியாது. மற்ற பெண்களை வெளியே அனுப்பிவிட்டு, “இங்க அடி, அந்த மூலைல அடி” என்று இரண்டு மணி நேரம் நட்டநடுவே நிற்கிறவள் யார்? நானேதான்! சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கடமை தவறாத சூப்பர்வைசராக!

அதற்கு மேல் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ராஜபாளையத்தில் பஸ் மாறி, ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கினேன். ஆடிப்பூரத் தேருக்கு நான்கு நாள்தான் இருந்தது. ரதவீதி எல்லாம் கடை போட்டு, நடக்கவே இடமில்லை. ஜவ்வு மிட்டாய்க்காரரையும் வளையல் தட்டையும் இடித்துக்கொண்டு, நேற்றுத்தான் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவள் என்பதையே மறந்து நடந்தேன். டாக்டரம்மாவின் வாசலில் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். என் முறை வரும் வரை உட்கார முடியாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

கட்டத்தை மேஜை மேல் விரித்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். நான் சனிக்கிழமையைச் சொன்னேன். அப்போது உள்ளே போகிற தூசி சிலருக்கு எட்டு, பத்து மணி நேரம் கழித்துத்தான் நெஞ்சில் காட்டும் என்று விளக்கினார். “அப்ப என்ன செய்யலாம்?” என்று வழக்கம்போல என்னையே கேட்டார். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை, பதில் தயாராக இருந்தது. ஏர் அடிக்கும்போது நான் அங்கே இருக்கக் கூடாது. முடிந்தால் ஏரே அடிக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்கலாம், தூசியை உறிஞ்சுகிற மெஷின் வாங்கலாம். காலை மாலை பம்பை நிறுத்தக் கூடாது.

“வேலைய விடணுமா டாக்டரம்மா?” என்று கடைசியில் கேட்டேவிட்டேன். “மூணு சனிக்கிழம பாப்போம்க்கா. நம்பர் ஏறலன்னா நானே வேற மாதிரி பேச வேண்டியிருக்கும். முதலாளிக்கு லெட்டர் எழுதித் தரவா, இல்ல நீங்களே பேசுவீங்களா?” நானே பேசுவேன் என்றேன்.

முதலாளிக்கு வியாதிக் கதை கேட்கப் பொறுமை கிடையாது. ஆனால் கட்டம் போட்ட தாள் என்றால் கண்ணாடியை எடுத்து மாட்டிவிடுவார். நாள் வாரியாகப் பார்த்துவிட்டு, “சனிக்கிழமைக்கு அப்புறம்தான் அடி வாங்குது” என்று அவரே சொன்னார். எனக்கு விசில் அடிக்கலாம் போல இருந்தது. மூன்று வாரம் வேலைக்கு வந்து பார்ப்பது, நம்பர் ஏறினால் நாற்காலி மறுபடி எனக்கே என்று பேச்சு. சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் கிளம்பிவிட வேண்டும். நோட்டை அவரிடம் காட்ட வேண்டும். ரோல் கணக்கு நோட்டிலும் இனிமேல் சரிக்கட்டி எழுத மாட்டேன் என்று நானாகவே உளறிவைத்தேன். அவர் முறைத்த முறைப்பை இன்னும் மறக்கவில்லை.

முதல் ஞாயிறு காலை, வீட்டில் எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். ஊதினேன். முந்நூற்றுப் பத்து. மகன் மீட்டரைப் பிடுங்கிச் சரிதானா என்று பார்த்தான். இரண்டாவது ஞாயிறு முந்நூற்று நாற்பது. மூன்றாவது ஞாயிறு முந்நூற்று அறுபத்தைந்தில் முள் போய் நின்றபோது நான் போட்ட கூச்சலில், எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா கரண்டியோடு ஓடி வந்தார். அன்றைக்கு சர்ச்சில் மூன்று பாட்டும் உட்காராமல் பாடினேன். வீட்டுக்காரர் ஆண்கள் பக்கத்தில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அடுத்த மாதம் ஷெட்டுக்கு உறிஞ்சுகிற மெஷின் வந்தது.

மூன்று வார நோட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். சந்தோஷப்படுவார் என்று தெரியும். அதற்கு மேல் அவர் செய்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. மேஜை இழுப்பறையில் இருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார். “இந்த ஏர் அடிக்கிற விஷயம் எனக்குத் தெரியவே தெரியாதுக்கா. ஷெட்டுல வேலை பாக்குறவங்க இன்னும் ரெண்டு பேரு எங்கிட்ட வாராங்க. அவங்களுக்கும் வாரக் கடைசிலதான் இழுக்குது. நானும் தூசின்னு விட்டுட்டேன். முதல்ல இருந்து மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்” என்றார். எத்தனை மணிக்கு அடிப்பீர்கள், கதவு திறந்திருக்குமா, யார் யார் உள்ளே நிற்பார்கள், எவ்வளவு நேரத்தில் தூசி அடங்கும்? ஒவ்வொன்றாகக் கேட்டார். சனிக்கிழமை மூன்று மணியில் இருந்து எல்லாவற்றையும் மனதுக்குள் வரிசையாக அடுக்கினேன். சேலையைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

வீசிங் என்னை விட்டு ஒரேயடியாகப் போய்விடவில்லை, காலையும் மாலையும் பம்பு இழுக்கிறேன், தினமும் ஊதி, வருகிற நம்பரை அப்படியே எழுதுகிறேன். ஆனால் எட்டாவது படித்த நான் என்ன சொல்லப் போகிறேன் என்று, அவ்வளவு படித்த ஒரு டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்த அந்த இரண்டு நிமிடத்தை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைய மூச்சு வருகிறது.